நண்பரிடம் இருக்கும் கிட்டார் எனக்கும் வேண்டுமா?

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நானும் என் நண்பரும் கிட்டார் வாசிக்கிறோம். ஆளுக்கு மூன்று கிட்டார் சேர்த்துவிட்டோம். அவர் ஒன்று வாங்கினால் கொஞ்ச நாளில் நானும் வாங்கிவிடுவேன். போன கிறிஸ்துமஸுக்கு அவர் பழைய யமஹா எஃப்ஜி-180 ஒன்றைக் கொண்டுவந்தார். இப்போது மதுரையில் ஒருவர் அதே மாடலை விற்கிறார். உள்ளே சிவப்பு லேபிள், ஜப்பானில் செய்தது, முப்பதாயிரம் ரூபாய் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்த லேபிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஃப்ஜி வரிசையை யமஹா 1966-ல் தொடங்கியது. எஃப்ஜி-180 அந்த முதல் வரிசையைச் சேர்ந்தது. ஆரம்ப காலக் கிட்டார்களின் சிவப்பு லேபிளில் ‘நிப்பான் கக்கி’ என்று இருக்கும். அந்த நிறுவனத்தின் அன்றைய பெயர் அது. ஆனால் 2019-ல் யமஹாவே ‘ரெட் லேபிள்’ என்ற பெயரில் புதிய வரிசை ஒன்றையும் கொண்டுவந்துவிட்டது. அதனால் லேபிள் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பழசு என்று நம்பாதீர்கள். லேபிளில் உள்ள எழுத்தையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது மரம். அந்தப் பழைய எஃப்ஜி-180-ன் மேல்பலகை பிளைவுட். இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் எஃப்ஜி-800-க்கு அடுக்கு ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மேல்பகுதி, அதாவது சாலிட் டாப். வாசிப்பதற்குத்தான் என்றால் முப்பதாயிரத்துக்குள்ளேயே நல்ல புதுக் கிட்டார் வாங்கிவிடலாம். பழையதுக்குக் கொடுக்கும் பணம் அதன் வயதுக்கும் பெயருக்கும் கொடுப்பது. அதுவும் நியாயமான ஆசைதான், தெரிந்தே செய்யுங்கள்.

பிளைவுட் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். நம் கரையில் அது பெரும்பாலும் 70-க்கு மேல்தான் நிற்கும். சாலிட் டாப் அந்த ஈரத்தைக் குடித்து ஊதும், வயிறு எழும்பும், கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) உயர்ந்துபோகும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவு ஊதாது. ஜன்னல் திறந்தே இருக்கும் கடலோரக் கோயிலில் வாராவாரம் வாசிக்க நான் பிளைவுட் கிட்டாரைத்தான் சொல்வேன்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது? இதற்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு: மதுரைக்குப் போகும்போது உங்கள் நண்பரையே கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு ஆசை கண்ணை மறைக்கும், அவருக்கு மறைக்காது. அதே மாடலை வைத்திருப்பவர் என்பதால் எங்கே குறை வரும் என்று அவருக்குத் தெரியும். உங்களோடு போட்டி போடுகிறவர், குறையைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அடுத்து அவர் வாங்கப் போகும்போது நீங்கள் போய் அதையே செய்யுங்கள். இரண்டு பேர் பணமும் மிச்சமாகும், நட்பும் வளரும்.

நீளமான ஸ்கேல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் (மேல்பலகையில் ஒட்டி, கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் கட்டை) பக்கம் நீட்டினால், முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே போய் முட்டினால் நெக் (கழுத்து) முன்னால் சாய்ந்துவிட்டது. பழைய கிட்டார்களில் அடிக்கடி வரும் நோய் இது. சரிசெய்ய நெக்கையே கழற்றி மாட்ட வேண்டும், செலவு பெரிது. 12-வது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. உயரம் சரியாக இருந்தாலும் பிரிட்ஜில் உள்ள வெள்ளைத் துண்டு (சேடில்) மிகத் தாழ்வாகத் தேய்க்கப்பட்டிருந்தால், நெக் சாய்வை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், நுழையக் கூடாது. செல்போன் விளக்கை உள்ளே காட்டி விரிசலும் பூஞ்சையும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மேல்பலகையை விரலால் தட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்சட்டம் பெயர்ந்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். நெக் சாய்ந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொன்று: தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் துணைக்கு வராது. வியாபாரியிடம் பில்லோடு வாங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு.

கேள்வி: கடையில் புதுக் கிட்டார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. “விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம், கடல்காற்றுதான் காரணம்” என்கிறார்கள்.
– வாசகர், கீழக்கரை

பதில்: விட்டுவிடாதீர்கள். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ அளவுக்கு இழுக்கும். அதைத் தாங்கும்படி ஒட்டுவது செய்தவரின் பொறுப்பு. மூன்று வாரக் காற்று ஒழுங்காக ஒட்டிய பிரிட்ஜைப் பெயர்க்காது. (வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்தால் பசை இளகும். அப்படி வைக்கவில்லை என்றால்தான் உங்கள் பக்கம் வலுவானது.)

குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. சுவரில் போர்டு மாட்டியிருப்பதால் அது மாறிவிடாது. இன்றே கம்பிகளைத் தளர்த்துங்கள், தேதி தெரியும்படி படம் எடுங்கள், கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: கம்பி மாதம் ஒருமுறை துருப்பிடிக்கிறது. நைலான் கம்பி மாட்டிவிடலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: ஸ்டீல் கம்பிக்குச் செய்த கிட்டாரில் நைலான் மாட்டினால் சத்தம் சோர்ந்துபோகும். கோட்டிங் போட்ட கம்பி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பல மடங்கு உழைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெட்டிக்குள் வையுங்கள். சுவரில் மாட்டாதீர்கள்.