கிளினிக்கல் போஸ்டிங்னாலே (ஆஸ்பத்திரி வார்டுல நேரடிப் பயிற்சி) நர்சிங் ஸ்டூடன்ட்ஸ் ஏன் பொறுப்பு இல்லாம ஒதுங்கி நிக்கிறாங்க?

கேள்வியிலயே "பொறுப்பு இல்ல"ன்னு முடிவு பண்ணிட்டீங்க, அதனால நீங்க வார்டுல ஸ்டூடன்ட்ஸ பாத்துக்குற சிஸ்டரா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். அப்படி ஒதுங்கி நின்னவங்கள்ல நானும் ஒருத்தி, இப்ப மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்குற நர்ஸ்.

முதல் லேபர் ரூம் போஸ்டிங்ல மூணு வாரம் நான் செஞ்சது சாம்பிள் கொண்டு போறது, பெட் போடறது, பிபி பாக்குறது, அவ்ளோதான். யாருக்கும் என் பேர் தெரியாது, "ஏய் ஸ்டூடன்ட்"தான். குழந்தையோட ஹார்ட் பீட் கேட்டு எழுதச் சொல்வாங்க, குழல் மாதிரி இருக்குமே அந்த ஃபீட்டோஸ்கோப்ப வயித்துல வெச்சா எனக்கு ஒண்ணுமே கேக்காது, கேக்கலன்னு சொன்னா திட்டு விழும், அதனால 140ன்னு எழுதிடுவேன். நார்மலே நிமிஷத்துக்கு 110லருந்து 160ங்கறதால யாரும் சந்தேகப்படல. பெரிய தப்பு, நியாயப்படுத்த வரல, ஆனா அது அலட்சியம் இல்லங்க, பயம்.

நாலாவது வாரம் நைட் டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர் சார்ட்ட பாத்தாங்க, வரிசையா 140, 140, 140. கத்தல. என் கையப் பிடிச்சு அங்க பிரசவத்துக்குப் படுத்திருந்த அக்கா வயித்துல வெச்சு, "முதல்ல முதுகு எந்தப் பக்கம்னு தேடு, ஒரு பக்கம் வழவழன்னு நீளமா இருக்கும், இன்னொரு பக்கம் கையும் காலும் முண்டு முண்டா தட்டும், முதுகுப் பக்கம் வெச்சாதான் நல்லா கேக்கும்"னாங்க. குழல்லருந்து கைய எடுத்துட்டு காதாலயே அழுத்தச் சொன்னாங்க. அந்தக் கைய அக்காவோட மணிக்கட்டுல வெச்சு, அந்த பல்ஸும் நீ கேக்குறதும் ஒண்ணாப் போனா அது தாயோடது, குழந்தையோடது இல்லன்னாங்க. தூரத்துல யாரோ ஓடுற மாதிரி தடதடன்னு கேட்டுச்சு. ஒரு முழு நிமிஷம் எண்ணினேன், 152. அத எழுதும்போதுதான் அவங்க என் பேரக் கேட்டாங்க.

மறுநாள்லருந்து டியூட்டிக்கு நேரத்துக்கு முன்னாடியே போய் நின்னேன். எல்லா ஸ்டூடன்ட்டும் இப்படித்தான்னு சொல்ல வரல, போனோட உக்காந்திருக்கறவங்களும் உண்டு. ஆள் பத்தாத வார்டுல சொல்லிக்குடுக்க ஏது நேரம்னு கேப்பீங்க, தெரியும், இப்ப நானும் அதே வார்டு வேலைலதான் இருக்கேன். அவங்க எனக்காக செலவழிச்சது பத்து நிமிஷம் இருக்கும்.

இன்னொன்னு, கேள்விக்கு நேரடி சம்பந்தம் இல்லதான், ஆனா ஆறல. நைட் டியூட்டி முடிச்சு வந்து குளிச்சுட்டு 8 மணி கிளாஸ்ல உக்காரணும், இல்லன்னா அட்டெண்டன்ஸ் போயிடும். அங்க நான் கண்ணு சொருகி உக்காந்திருந்ததுக்கும் என் ரிப்போர்ட்ல "ஆர்வம் இல்லை"ன்னுதான் எழுதி வெச்சாங்க.