ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் காட்டினா மூளை எதைப் பார்க்கும்?

ரெண்டையும் கலந்து ஒரே படமா காட்டும்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்ல. வலது கண்ணுக்கு ஒரு முகம், இடது கண்ணுக்கு ஒரு வீடுன்னு தனித்தனியா காட்டினா, முதல்ல முகம் மட்டும் தெரியும், சில செகண்ட்ல அது கரைய ஆரம்பிச்சு வீடு மேல ஏறி வந்துடும், அப்புறம் திரும்ப முகம், இப்படியே மாறி மாறி போயிட்டே இருக்கும். மாறுற நேரத்துல பாதி முகம் பாதி வீடுன்னு ஒட்டுப்போட்ட துணி மாதிரியும் தெரியும். சார்லஸ் வீட்ஸ்டோன்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி 1838லயே இதைப் பத்தி எழுதிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, கண்ணு முன்னாடி இருக்கிற படம் துளிகூட மாறல, மாறுறது நம்ம அனுபவம் மட்டும்தான். ஒரு படத்துக்கு வேலை செய்யற நியூரான் (மூளையோட நரம்பு செல்) கூட்டம் எதிர் கூட்டத்தை அமுக்குது, ஜெயிச்சது கொஞ்ச நேரத்துல களைச்சுப் போகுது, அந்த கேப்ல அடங்கிக் கிடந்தது எழும்பிடுதுன்னுதான் பொதுவா விளக்கம் சொல்றாங்க. முகத்தையே பார்க்கணும்னு பிடிவாதமா கவனிச்சா கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிச்சு வைக்கலாம், முழுசா நிறுத்த முடியாது. 1998ல பண்ண ஸ்கேன் ஆய்வுல, முகம் தெரியறப்போ மூளையில முகத்துக்கான பகுதியும், வீடு தெரியறப்போ இடங்களுக்கான பகுதியும் மாறி மாறி சுறுசுறுப்பாச்சு.

நீங்களே பார்க்கணும்னா, ஒரு பேப்பரைக் குழலா சுருட்டி வலது கண்ல வைங்க, இடது உள்ளங்கையைக் குழலுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சு ரெண்டு கண்ணையும் திறந்து தூரமா பாருங்க. கையில வட்டமா ஓட்டை விழுந்த மாதிரி தெரியும், அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தா அந்த ஓட்டைக்குள்ள ரேகை லேசா வந்து வந்து போகும்.