அப்பா அம்மாவே ஒப்புக்கொண்ட பிறகு மைனரின் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி எதற்கு?

விபத்தில் அடிபட்ட மகளின் வழக்கில் தொகை பேசி முடித்துவிட்டோம், நடுவில் நீதிபதி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகன் வழக்கில் நானும் இதையே கேட்டுப் புலம்பியவன்தான்.

ராஜி மனு, அதாவது சமரச மனு, போட்டதும் அன்றே முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீதிபதி தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "விரலை மடக்கு பார்க்கலாம்" என்றார். இரண்டு விரல் பாதியிலேயே நின்றுவிட்டன. அப்புறம் மருத்துவச் சான்றின் தேதியைப் பார்த்தார். பத்து மாதம் பழசு. வளர்கிற பிள்ளை, புதுச் சான்று கொண்டுவாருங்கள் என்று வழக்கைத் தள்ளிவைத்தார். வெளியே வந்து வக்கீலிடம் கத்தினேன். புதுச் சான்றில், வளர்ந்த பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று இருந்தது. நாங்கள் பேசிய தொகையில் அந்தச் செலவு இல்லவே இல்லை.

உண்மையைச் சொன்னால், அப்போது கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவசரம் எனக்குத்தான், அவனுக்கு இல்லை. பெற்றவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல, பணம் நம்முடையது இல்லை, அவ்வளவுதான்.

இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 32, விதி 7 இதற்கானது. அனுமதி வாங்காமல் செய்த சமரசத்தை மைனர் தரப்பு செல்லாது என்று சொல்லலாம், எதிர்த்தரப்பு சொல்ல முடியாது. அதனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இந்த அனுமதி வேண்டும். மனநலம் பாதித்து, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் இதே விதிதான். இங்கிலாந்தில் 1999-ல் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பெண், 2003-ல் 12,500 பவுண்டுக்குச் சமரசம் ஆனார். முடிவெடுக்கும் திறன் அவருக்கு அப்போது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நீதிமன்ற ஒப்புதல் இல்லாத அந்தச் சமரசம் செல்லாது என்று 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சமரசம் பிள்ளையின் நன்மைக்கே என்று நீங்கள் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) தரவேண்டும், வக்கீலும் சான்று தரவேண்டும். முழுப் பணமும் கைக்கு வராது, பெரும்பாலும் மேஜர் ஆகும்வரை டெபாசிட்டில் கிடக்கும். சிகிச்சைக்கு வேண்டுமானால் பில்லோடு தனி மனு போடுங்கள். முதலில் உங்கள் மகளின் சான்று எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள்.