ஆற்றில் இறங்கும் ஜீப்பும் ஹப் பேரிங்கும்: கேள்வி பதில்

முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில்) இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வாக்கில் உருளைகள் உள்ளவை) உள்ள பழைய ஜீப்களை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, சீல் புதுசு. ஆனாலும் ஆற்றைத் தாண்டியதும் ஹப்புக்குள் தண்ணீர். எப்படி?

மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வந்து, அந்தச் சூட்டோடு இறங்கியிருப்பீர்கள். சூட்டில் விரிந்திருந்த ஹப் காற்று, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கி வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும். சீலின் உதடு முக்கியமாக கிரீஸை உள்ளே நிறுத்தத்தான். இந்த இழுப்பை அது தாங்காது. கரையில் நிறுத்தி, பிரேக் டிரம் பக்கம் புறங்கையைக் காட்டுங்கள். அனல் அடங்கியபின் இறங்குங்கள். ஆக்சில் பிரீதரிலும் (அச்சுக் கூட்டின் காற்றுத் துளை) இதே இழுப்புதான். ஓஸ் போட்டு பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது.

தண்ணீர் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளி பேரிங்கைக் கழற்றி கிரீஸை விரலில் எடுங்கள். மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர்தான். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கப்பை (பேரிங்கின் வெளி வளையம்) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரோலருக்கு ரோலர் உள்ள அதே இடைவெளி விட்டுக் கறுத்த கோடுகள் தெரிந்தால், நின்ற வண்டியில் துரு தின்ற தடம் அது. கப், கோன் (ரோலர்கள் உள்ள உள் வளையம்) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எந்த கிரீஸ் நல்லது?

கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ். தண்ணீரை நன்றாகத் தாங்கும். பழைய கிரீஸை முழுக்க வழித்துவிட்டுப் போடுங்கள், கலக்க வேண்டாம்.

வாட்டர் சர்வீஸ் விடலாமா?

விடலாம். ஹப் சீல் பக்கம் மட்டும் பீச்சக் கூடாது.

ஹப்பில் நிப்பிள் வைத்து கிரீஸ் கன்னால் முழுக்க நிரப்பிவிட்டால்?

வேண்டாம். கன்னின் அழுத்தம் சீலைத் தள்ளிவிடும். கிரீஸ் பிரேக் லைனரில் இறங்கும்.

என் டிரெய்லரில் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் டிரெய்லரில் பிரேக் உண்டா? இல்லையென்றால் கிரீஸ் ஒழுகினாலும் தெரியாது. ஜீப்பில் ஒரு சக்கரம் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலைப்பாதையில் அது உயிர் போகிற விஷயம்.

காலி இடம் இருந்தால்தானே சார் தண்ணீர் நிற்கும்?

நியாயமான கேள்வி. காற்று குறைந்தால் இழுப்பும் குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூடாகும் கிரீஸுக்கு விரிய இடம் வேண்டும். ரோலர்களுக்குள் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள், ஹப்பின் உட்சுவரில் கனமாகப் பூசுங்கள், நடுவில் இடம் விடுங்கள்.

சர்வீஸில் சக்கரத்துக்குள் நன்றாக அடிக்கச் சொல்லலாமா, சேறு போகுமே?

மேலேயே சொன்னேன். சீல் பக்கம் பீச்சக் கூடாது. சேற்றை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

என் காரில் சீல்டு ஹப் யூனிட் (பிரிக்க முடியாதபடி மூடி வருவது). கிரீஸ் வைப்பது எப்படி?

வைக்க முடியாது. உறுமல் சத்தம் வந்தால் முழு யூனிட்டையும் மாற்றுங்கள்.

ஸ்நார்கல்?

அது இஞ்சினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் குழாய், இஞ்சின் சமாசாரம். இஞ்சின் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஒரே ஒரு தடவைதான் ஹப் முழுக நனைந்தது. கழற்ற வேண்டுமா?

கழற்றுங்கள், இந்த வாரமே. மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடித்துவிடுங்கள்.