சந்தாவும் துரைத்தனமும் – ஒரு கடிதம்

வணக்கம் டீச்சர்,

நான் சுங்கை சிப்புட்காரன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. என் அக்கா உங்களிடம் படித்தவர். எனக்கு வீடியோ கேம் என்றால் உயிர். பத்திரிகையாளர்களே சொந்தமாக நடத்தும் ஒரு அமெரிக்க கேம் இதழுக்கு மாதச் சந்தா கட்டி வருகிறேன். விளம்பரக்காரர்களுக்குப் பயப்படாமல் எழுதுகிறார்கள் என்றுதான் சேர்ந்தேன். இப்போது திறந்தால் தொழிற்சங்கம், ஆட்குறைப்பு, சவூதி பணம், காஸா. களைத்துப்போய் வந்து கேமைப் பற்றி நாலு வரி படிக்கலாம் என்றால் அங்கேயும் அரசியல். "நான் காசு கட்டுகிறேன், கேமை மட்டும் எழுதுங்கள்" என்று எழுதிப் போட்டேன். மற்ற வாசகர்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒழுங்காக விளையாடவே தெரியாது. நம் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி சவூதியின் ரியாத்தில் கேம் போட்டியில் ஜெயித்த நேரத்தில்கூட இந்த மாதிரி ஆட்கள் சவூதி அரசைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் கேம் விமர்சனம் எழுத ஆசை. சின்னதாக ஒரு தளம் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அரசியல் மட்டும் வேண்டாம் என்கிறார் அப்பா. எப்படித் தொடங்கலாம், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

வரிசையில் காத்திருக்கும் கடிதங்களை விட்டுவிட்டு உன்னுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம் என் மகள். அவள் கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் ஓவியர். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெரிய கேம்களுக்கு வேண்டிய சுவர், தரை, பீப்பாய், துருப்பிடித்த தகரம் இதையெல்லாம் இங்கே நம் பிள்ளைகளும் வரைகிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு கேமில் நீ ஓடிக் கடக்கிற ஒரு சந்து. அதன் சுவரில் மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து பாசி பிடித்த கறை. அந்தக் கறைதான் அவள் வேலை. தைப்பிங்கில் பழைய கடைவீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வரைந்தாள். எனக்குக் காட்ட அனுமதி இல்லை, ஒப்பந்தம் அப்படி. போனில் வாயால் சொன்னதைத்தான் கேட்டேன். மேலே கறுப்பு, நடுவில் பச்சை, அடியில் செம்மண் தெறித்த நிறம் என்றாள்.

அந்த கேமைப் பாதியில் கைவிட்டுவிட்டார்கள். இவள் அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே அமெரிக்காவில் ஒரு கூட்டத்தையே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பது, நீ "இங்கேயும் அரசியலா" என்று தாண்டிப் போவாயே, அந்த மாதிரியான ஒரு செய்தியில்தான் அவளுக்குத் தெரிந்தது. நள்ளிரவில் என்னைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்து நிற்கிறது.

சிலதை ஒதுக்கிவிடுகிறேன். எழுதுகிறவருக்கு நன்றாக விளையாட வருமா என்ற பேச்சுக்கு எனக்கு நேரமில்லை. ரியாத் விஷயம்: 2024-இல் நம் பையன்கள் மொபைல் லெஜன்ட்ஸ் கோப்பையைத் தூக்கியபோது நானும்தான் கைதட்டினேன். அதே சவூதி அரசின் முதலீட்டு நிதி, வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, இஏ என்ற பெரிய கேம் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. போட்டியையும் நடத்தி, கம்பெனியையும் வாங்குகிற ஓர் அரசிடம் எதற்காக இதெல்லாம் என்று நிருபர் கேட்கத்தான் வேண்டும். கோப்பைக்குக் கைதட்டிய அதே நாளில் அந்தக் கேள்வியையும் கேட்கலாம், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. காஸாவைப் பற்றி உன்னோடு வாதாடப் போவதில்லை. அங்கே சாகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்திரிகை அதிகம் பேசிவிட்டது என்று நீ மனதார நினைக்க மாட்டாய்.

என்னைக் குத்தியது வேறு வரி. "நான் காசு கட்டுகிறேன்."

நீ படிக்கிற மாதிரி இதழ்கள் எப்படிப் பிறந்தன? 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் 'கேன் அண்ட் லின்ச்' கேமுக்குச் சுமாரான மதிப்பெண் போட்டார். தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம். அவர் வேலை போய்விட்டது. விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று வந்த மிரட்டலுக்கு நிர்வாகம் பணிந்தது என்பதை 2012-இல்தான் அவரால் வெளியே சொல்ல முடிந்தது. வேலை போனவர் நண்பர்களோடு சேர்ந்து ஜயன்ட் பாம் தளத்தைத் தொடங்கினார். அப்புறம் 2019. கோட்டாக்கு கேம் இதழை வைத்திருந்த அதே முதலாளிகளின் கையில் டெட்ஸ்பின் என்ற விளையாட்டுச் செய்தித் தளமும் இருந்தது. அரசியல் எல்லாம் வேண்டாம், விளையாட்டை மட்டும் எழுதுங்கள் என்று அக்டோபரில் உத்தரவு போட்டார்கள். பணியாத ஆசிரியரை நீக்கினார்கள். மற்றவர்கள் சில நாட்களுக்குள் கூண்டோடு ராஜினாமா செய்துவிட்டு, அடுத்த வருஷம் டிஃபெக்டர் இதழைத் தங்களுக்கே சொந்தமாகத் தொடங்கினார்கள். 2023 நவம்பரில் கோட்டாக்குவின் பழைய ஆட்கள் சிலர் ஆஃப்டர்மாத் என்ற கேம் இதழைத் தொடங்கியதும் இதே வழியில்தான். கடைசி இரண்டும் வாசகர் சந்தாவை நம்பி.

அந்த 2019 உத்தரவை இன்னொரு தரம் படி. நீ எழுதிப் போட்ட வரியையும் பக்கத்தில் வைத்துப் படி. ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? முதலாளி சொன்னதற்குத் தலையாட்ட மாட்டோம் என்று சம்பளத்தை உதறிவிட்டு வந்தவர்களிடம் போய், அதே உத்தரவை உன் சந்தாக் காசைக் காட்டிப் போடுகிறாய். துரை போய்விட்டான், நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று நீ போய் உட்காரப் பார்க்கிறாய். தோட்டத்து வீட்டுப் பிள்ளை செய்கிற காரியமா இது?

கோபத்தில் எழுதவில்லை தம்பி. இந்தப் பேச்சை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பத்திரிகை வாங்குவது தனி ஒரு வீட்டால் முடிகிற காரியமாக இருக்கவில்லை. நாட்கூலிச் சம்பளம். லயத்தில் வீட்டுக்கு வீடு சில்லறை சேர்த்துத் 'தமிழ் நேசன்' வரவழைத்தார்கள். பெரியப்பா ஆறாம் வகுப்பு வரை படித்தவர். விடிகாலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, குளித்து, சாயங்காலம் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். எவ்வளவு தேய்த்தாலும் விரலில் காய்ந்த பால் போகாது. தாளைத் திருப்பினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், மெதுவாகப் பிரித்து எடுப்பார். எம்.ஜி.ஆர். செய்திக்கு ஒரு கூட்டம், சிவாஜிக்கு ஒரு கூட்டம், மரண அறிவிப்புக்கு வயதானவர்கள். சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் சம்பளப் பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தால் பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்துவிட்டு எல்லோரும் கேட்பார்கள்.

காசு அதிகம் போட்டவர் ஒரு மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. மூன்று வீட்டுப் பங்கு அவர் கொடுப்பது. ஒரு நாள் சம்பளச் செய்தியைத் தொடங்கியதும், "அதெல்லாம் எதுக்குய்யா? சினிமாவைப் படி. என் காசுதானே இதுல பாதி" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நாளும் சினிமாவை மட்டுமே படித்தார். கேட்கிறவர்கள் முகமே சரியில்லை. வெளிக்காட்டு வேலை செய்கிற ஒரு பாட்டி கடைசியில் உட்கார்ந்திருப்பாள், வெற்றிலையை இடித்துக்கொண்டு. அவள்தான் ஒரு நாள் உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நானும் காசு குடுக்கிறேன். எனக்குச் சிவாஜியும் வேணும், என் கூலி என்னாச்சுன்னும் தெரியணும். படிடா." பெரியப்பா படித்தார். மண்டோர் எழுந்து போனார். அடுத்த மாதம் அவர் பங்கு வரவில்லை. பத்திரிகை தினமும் வருவது நின்று, ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தது. வராத நாளில் பழையதையே திரும்பப் படித்தார்கள்.

மண்டோர் எழுந்து போனது அவர் உரிமை. காசை நிறுத்தியதும் அவர் உரிமை. போரடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், படிக்கிற முறை சரியில்லை என்று சண்டை போட்டிருக்கலாம், செய்தி தப்பு என்றால் நிரூபித்திருக்கலாம். உனக்கும் இதெல்லாம் உண்டு. நன்றாகப் பயன்படுத்து. ஆனால் இன்னொருத்தி காத்துக்கொண்டிருக்கிற செய்தியைப் படிக்காதே என்று சொல்ல அவருக்கும் உரிமை கிடையாது, உனக்கும் கிடையாது. அந்த இதழைப் படிக்கிற கூட்டத்தில் உனக்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நீ பார்க்கவில்லை. உன்னைத் திட்டிய வாசகர்கள் அவளை மாதிரி யாரையாவது பார்த்திருப்பார்கள். திட்டிய முறை எனக்கும் பிடிக்காது, அது வேறு.

காசு கொடுப்பது எப்படி என்று நம் நாட்டு வாசகர்களே காட்டியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக. சில மணி நேரத்துக்குள் அந்தத் தொகை முழுவதும் மக்கள் கையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்குப் பணம் அனுப்பியவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் அந்தத் தளத்தைத் தினமும் குறை சொல்கிறவர்கள். இனிமேல் இப்படி எழுது என்று யாரும் ரசீதில் குறித்து அனுப்பவில்லை.

சரி, உன் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது. சங்கத்து ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கில் போட்டார்கள். சங்கம் என்று பேசினால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று பயந்து வாழ்ந்தவர்கள் வளர்த்த பிள்ளை உன் அப்பா. அரசியல் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பிள்ளையை உயிரோடு வைத்துக்கொள்வதற்காக. அவரிடம் பொறுமையாகப் பேசு. அவர் பயத்துக்கு மரியாதை கொடு. ஆனால் உன்னை யாரும் அப்படிப் பயமுறுத்தவில்லையே. உனக்கு இருப்பது அலுப்பு. அலுப்புக்கு ஒரு நாள் படிக்காமல் தூங்கினால் போதும்.

கேம் என்பது சந்தோஷத்துக்கு, அதில் எதற்கு இதெல்லாம் என்று நீ கேட்பது புரிகிறது. சைக்கிள் ஓட்டுவதும் சந்தோஷம்தான். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சாயங்காலம் காற்று வாங்க சைக்கிளில் போகிறவனுக்கு அரசியல் வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

உனக்கே நடந்திருக்கும். 2017 செப்டம்பரில் கடவுள்களைச் சண்டைக்கு விடுகிற ஒரு தைவான் கேமுக்காக, நம் தொடர்பு பல்லூடக ஆணையம் கேம்களை விற்கிற ஸ்டீம் தளத்தையே மறித்தது. காசு கொடுத்து வாங்கிய மற்ற கேம்களின் பக்கமும் பலருக்குத் திறக்கவில்லை. அந்த கேமை இந்த நாட்டுக் கடையிலிருந்து எடுத்த பிறகுதான் வழி திறந்தது. அந்த கேம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் என்ன ஆயிற்று என்று அன்றைக்குப் பையன்கள் எங்கே தேடிப் படித்தார்கள்? கேம் இதழ்களில்தானே. அன்று மட்டும் அது அரசியலாகத் தெரியவில்லையா?

சந்தாவை நிறுத்துவதானால் நிறுத்து, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் சம்பளத்துக்கு டாலர் கணக்கு பெரிய கணக்குதான். கட்டுவதானால் மண்டோர் மாதிரி கட்டாதே.

உன் தளம் பற்றிக் கேட்டாய். தாராளமாகத் தொடங்கு. நம் பிள்ளைகள் பேசுகிற தமிழில் எழுது. 'மிஷன்', 'லெவல்', 'பாஸ்' எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு கேமை முடித்த பிறகு கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைத் தாண்டிவிடாமல் முழுக்கப் பார், அதில் கோலாலம்பூர் ஸ்டூடியோ பெயர் வந்தால் அங்கே யாரையாவது பிடித்துப் பேசு. அதை இங்கே தமிழில் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. விளம்பரம் தருகிறேன் என்று யாராவது வந்தால் எனக்கு ஒரு வரி போடு, பேசலாம். முதல் விமர்சனத்தைப் போடுவதற்கு முன் என்னிடம் அனுப்பு, ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். உன் கடிதத்திலேயே நாலு இடத்தில் திருத்தினேன். எந்த கேமைப் பற்றி எழுதப் போகிறாய் என்று நீ சொல்லவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுது. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
டீச்சர்