இவை என் எழுத்து: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையில் நாங்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். பழைய கிரயப் பத்திரங்கள், கோயிலின் வரவுசெலவு நோட்டுகள், திருவிழா நோட்டீசுகள், புகைப்படங்கள், பெரியவர்கள் சொல்லச் சொல்லச் செல்பேசியில் பிடித்துவைத்த குரல்கள் எனப் பலவும் சேர்ந்துவிட்டன. இவை அனைத்தையும் ‘ஆவணங்கள்’ என்ற தலைப்பின்கீழ் அட்டவணைப்படுத்தினேன். எங்களுடன் வேலை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘பதிவுகள்’ என்று மாற்றச் சொல்கிறார். அகராதியைப் பார்த்தால் டாக்குமென்ட், ரெக்கார்டு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ஆவணம், பதிவு, பத்திரம், சாசனம், சான்று, குறிப்பு என்று ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கிறது. எந்தச் சொல்லை எங்கே ஆள்வது? ‘ஆவணப்படுத்துதல்’ என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்களே, அது சரிதானா?

தங்கள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள அம்மா,

உங்கள் அட்டவணையின் தலைப்பைப் பற்றிய கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நாளை அந்தத் தொகுப்பைப் புரட்டுபவர் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்தத் தலைப்பே அவருக்குச் சொல்லப்போகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ரெக்கார்டு என்ற ஒரு சொல், நீதிமன்றக் கட்டு, இசைத்தட்டு, ஓட்டப்பந்தயச் சாதனை, மருத்துவமனையில் நோயாளிக்கு எழுதப்படும் குறிப்பேடு ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கிறது. நாம் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். எனவே அகராதியில் ஒரு வரியில் அடுத்தடுத்து நிற்கும் தமிழ்ச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட்டுக்கொள்ள முடியாது. உங்கள் கையில் இருக்கும் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதில் உள்ளதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சொல் தானே கிடைத்துவிடும்.

ஆவணம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கடைத்தெரு என்ற பொருளும் உண்டு. பட்டினப்பாலையில் வரும் ‘விழவறா வியல் ஆவணம்’ காவிரிப்பூம்பட்டினத்தின் அங்காடி வீதியே. எழுதிக் கொடுத்த உரிமைச்சீட்டு என்ற பொருளில் அந்தச் சொல் எப்படி வழங்கியது என்பதைக் காண்பதற்குப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், நீ எனக்கு அடிமை என்று சொல்லி ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று சொல்லி முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டுபோகிறார். அவையோர் அவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்கிறார்கள். வழிவழியாக நடந்துவரும் அனுபவ உரிமை ஆட்சி, எழுதப்பட்டது ஆவணம், கண்டவர் சொல்லும் சாட்சியம் காட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பிரித்துக் காட்டிய இந்த மூன்றும் இன்றைய நிலவழக்குகளிலும் அப்படியே இருக்கின்றன.

அதன்பிறகு அந்த அவை செய்வதைக் கூர்ந்து கவனியுங்கள். அவையின் எழுத்தரான கரணத்தான் ஓலையை வாங்கி, அதன் பழமையைப் பார்த்து, வாசிக்கிறான். மேலெழுத்து இட்ட சாட்சிகளின் எழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. ஓலையில் இருப்பது சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்துதானா என்ற கேள்வி எழுந்ததும், காப்பில் வைத்திருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓலையின் வாசகம் ‘இதற்கு இவை என் எழுத்து’ என்று முடிகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இதே கையொப்ப வாய்பாட்டைக் காணலாம். எழுதியவன் தன் பெயரைச் சொல்லி, இதற்கு நான் பொறுப்பு என்று நின்று, அதை அயலார் சாட்சியிட்டு உறுதிசெய்து, பிறகு ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று காப்பில் இருக்கவும் வேண்டும் என்ற இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்ட எழுத்தைத்தான் அன்று ஆவணம் என்றார்கள். அந்தக் கண்டிப்பை நாம் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களிடம் உள்ள கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முத்திரைத் தாளில், எழுதிக் கொடுப்பவர் பெயரும் எழுதி வாங்குபவர் பெயரும் தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றுடன் முதலில் இருக்கும். ‘எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால்’ என்று தொடங்கி, தொகை பெற்றுக்கொண்ட விவரம் வரும். பிறகு செக்குபந்தி, அதாவது இன்னாருடைய நஞ்சைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு என்ற நான்கெல்லை. கடைசியில் கையெழுத்தோ இடது பெருவிரல் ரேகையோ, சாட்சிகள், எழுதிய பத்திர எழுத்தரின் பெயர். இதைப் பத்திரம் என்றாலும், சாசனம் என்றாலும், ஆவணம் என்றாலும் தவறில்லை. யாழ்ப்பாணத்தார் இதைக் காணி உறுதி என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஒரு செய்தி: உங்கள் ஊர் வரலாற்றுக்கு இந்தப் பத்திரத்தில் விலையைவிட நான்கெல்லைதான் முக்கியம். இன்று தூர்ந்துபோன வாய்க்காலும், பெயர் மாறிய திடலும், அக்கம்பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களும் அந்த நான்கு வரிகளில்தான் இருக்கிறார்கள்.

பதிவு என்பது இதற்கு அடுத்த படி. இருவர் எழுதிக்கொண்டதை மூன்றாவதாக ஒரு பொது அமைப்பு தன் ஏட்டில் ஏற்றிக்கொள்வதே பதிவு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது அதுவே. பத்திரத்தின் பின்புறம் இருக்கும் முத்திரையும் எண்ணும் பக்கமும் அதன் அடையாளங்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று இதைச் சிலர் சொல்வதுண்டு, அது சரியில்லை. சோழ அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதியவர், சரிபார்த்து ஒப்பமிட்ட திருமந்திர ஓலைநாயகம், வரிப்பொத்தகத்தில் ஏற்றிய புரவுவரித் திணைக்களத்தார், அதாவது வரித்துறையார் என்று அடுத்தடுத்துப் பல கைகளைக் கடந்த பிறகுதான் அது ஊருக்கு வந்து சேர்ந்தது. பொத்தகத்தில் ஏற்றுவதை அவர்கள் ‘வரியிலிடுதல்’ என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில், தான் கொடுத்தவற்றோடு அக்கன் கொடுத்தவற்றையும் பெண்டுகள் கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்துக் ‘கல்லிலே வெட்டுக’ என்று முதலாம் இராசராசன் ஆணையிட்டதும், ஓலையில் இருந்ததை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பதிந்துவைத்த செயல்தான்.

கோயில் நோட்டுகளைக் கணக்கு என்றே எழுதுங்கள். அதற்கு வேறு சொல் தேவையில்லை. அவற்றில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்காண்டு, இருந்தால் 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாது என்றிருப்பது பெரும்பஞ்சம் வந்த 1876–77ஆகவும் இருக்கலாம், 1936–37ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் பெயர்களையும் வைத்தே முடிவுசெய்ய முடியும்.

குறிப்பு என்ற சொல்லைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியவை எவரையும் கட்டுப்படுத்தும் பத்திரங்கள் அல்ல; சாட்சிக் கையெழுத்தும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஆனாலும் சரக்குக் கப்பல் வந்த நேரமும், கவர்னர் கோபித்துக்கொண்ட பேச்சும், ஊர் வதந்தியும் அவற்றில் இருப்பதால், அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை. குறிப்பில் எழுதியவரின் கண் இருக்கிறது. அந்தக் கண்ணின் சார்பும் இருக்கிறது. படிப்பவர் அதை அறிந்து படிப்பதற்காகவே அதைக் குறிப்பு என்று தனியே பெயரிட வேண்டும். திருவிழா நோட்டீசுக்கு நோட்டீசு என்ற பெயரே போதும்.

பெரியவர்களின் குரல் சேக்கிழாரின் பிரிவில் காட்சியின்பாற்படும். வாய்மொழிப் பதிவு என்ற இன்றைய வழக்கு அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. நேரில் கண்டதைச் சொல்கிறார்களா, தாத்தா சொல்லக் கேட்டதைச் சொல்கிறார்களா என்பதை ஒவ்வொரு பதிவிலும் கட்டாயம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

‘ஆவணப்படுத்துதல்’ சரியான தமிழ்தான். புதிய தேவைக்கு முறைப்படி ஆக்கப்பட்ட சொல். அந்தப் பெயரில் நடக்கும் வேலைதான் பல நேரங்களில் எனக்கு வருத்தம் தருகிறது. தேரோட்டத்தைப் படம் பிடித்து நாளும் ஊரும் பெயரும் இல்லாமல் இணையத்தில் ஏற்றுகிறவர், ஆவணப்படுத்திவிட்டேன் என்கிறார். அது வெறும் படம்தான்; அதை எடுத்தவர் யார், எங்கே, எப்போது, படத்தில் இருப்பவர்கள் யார், இதை அடையாளம் சொன்னவர் யார் என்ற விவரங்கள் அதனுடன் சேரும்போதுதான் அது ஆவணமாகிறது. உங்களிடம் உள்ள புகைப்படங்களில் வீட்டார் இன்று அடையாளம் சொல்லக்கூடியவை இருக்கின்றன. அவற்றை முதலில் முடியுங்கள். படத்தின் பின்புறம் மையால் எழுத வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்; மென்மையான பென்சிலால் அழுத்தாமல் ஓரத்தில் ஓர் எண் மட்டும் இட்டு, விவரத்தைத் தனி ஏட்டில் எழுதுங்கள்.

ஆகவே உங்கள் தலைப்பும் வேண்டாம், ஆசிரியர் சொல்வதும் வேண்டாம். பத்திரங்கள், கணக்குகள், நோட்டீசுகள், குறிப்புகள், படங்கள், வாய்மொழிப் பதிவுகள் என்று தனித்தனியாகவே பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் இப்போது யாரிடம் இருக்கிறது, மூலமா படியா, விவரம் சொன்னவர் யார் என்ற மூன்று பத்திகளைச் சேருங்கள். கடைசியாக, அட்டவணையைத் தயாரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆசிரியரையும் சாட்சியாக ஒப்பமிடச் சொல்லுங்கள்.