விமான நிறுவனங்கள் இணைந்தால் சில மைய நிலையங்கள் ஏன் சுருங்குகின்றன? கோவைக்கு அதனால் என்ன?

பல ஊர்ப் பயணிகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறக்கி, அடுத்த விமானத்துக்கு மாற்றிவிடுவதே மைய நிலையத்தின் வேலை. இணைந்த நிறுவனத்திடம் அருகருகே இரண்டு மையங்கள் இருந்தால், உள்ளூர்ப் பயணிகள் குறைந்ததே முதலில் அடிபடும். 2001இல் டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தை வாங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், சிகாகோ, டாலஸ் மையங்கள் ஏற்கெனவே கைவசம் இருந்ததால், டி.டபிள்யூ.ஏ.வின் மையமான செயின்ட் லூயிஸ் சேவைகளை 2003இல் ஏறத்தாழப் பாதியாக வெட்டியது. டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008இல் இணைந்த பிறகு, டெல்டாவின் பெரிய மையமான அட்லாண்டாவின் நிழலில் இருந்த மெம்பிஸ் 2013இல் மையம் என்ற நிலையையே இழந்தது. ஆகவே எந்த மையத்தையும் குறைக்கமாட்டோம் என்று இணைப்பின்போது தரப்படும் வாக்குறுதிகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

கோவை மையமன்று, மையங்களுக்குப் பயணிகளை அனுப்பும் ஊர். ஐரோப்பா செல்லும் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் வழியில் எங்காவது விமானம் மாறியே ஆகவேண்டும் என்பதால், நிறுவனங்கள் இணைந்த பின் அவர் முதலில் பார்க்கவேண்டியது, கோவையிலிருந்து புறப்படும் விமானம் அந்த மையத்தின் அடுத்த புறப்பாட்டு நேரத்தோடு இன்னும் பொருந்துகிறதா என்பதைத்தான்.